புதன்கிழமை சாம்பிராணி: எண்ணூர் குடோனிலிருந்து வள்ளூர் வாத்துகள் வரை

போன நவம்பரில் மழை விட்ட கையோடு வள்ளூர் தேவகி போன் செய்தாள். "அண்ணாச்சி, முந்நூறு குஞ்சு எறக்கிட்டேன். தீனிக்கு நீங்கதான் பொறுப்பு." தேவகி வாத்து வளர்க்கிறவள். போன ஈட்டுக் குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. கால்நடை டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, பூசணம் பிடித்த சோளம், ஈரல் கெட்டிருக்கிறது என்றார். அது வேறெங்கோ வாங்கிய தீனி. இந்த ஈடும் போனால் அவள் வாத்தை மறந்துவிட்டுக் கம்பெனி வேலைக்குத்தான் போகணும். அதனால் கிளம்பினேன். என்னைப் போலத் தீவன வியாபாரம் செய்கிறவர்கள் எண்ணூர்ப் பக்கம் சரக்குப் பார்க்கப் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ராயபுரத்தில் காலை எட்டு மணிக்கு ஏறினேன். ஆட்டோ, பாபுவுடையது. நாள் முழுக்க ஆயிரத்து நானூறு பேசினோம். உடனடித் தேவைக்கு என் கடையிலிருந்து நல்ல சோளத்தை உடைத்து ஒரு மூட்டை கட்டி பின்சீட்டில் போட்டுக்கொண்டேன். சீசன் முழுவதுக்குமான சரக்கைத்தான் தேடிப் போனது. எண்ணூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் காசிமேடு தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. திருவொற்றியூர் வரைக்கும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் லாரி டயர். "இன்னா அண்ணாச்சி, சோளம் பாக்க இம்மாந்தூரமா? ராயபுரத்துல இல்லாத சோளமா?" என்றான் பாபு. வழியில் ஒரு கடையில் இட்லியும் வடைகறியும் வாங்கிக் கொடுத்ததும் தூரம் சரியாகிவிட்டது.

எண்ணூரில் குடோன் வைத்திருக்கும் துரைப்பாண்டி எங்கள் தெக்கத்திப் பக்கம். இருபது வருஷப் பழக்கம். "வாரும்வே, வாரும்! சரக்கு தங்கம் மாதிரி கெடக்கு. விலையும் உமக்குன்னு குறைச்சுத்தான்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். சோளம் உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தது. பாபு வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான். "இன்னா அண்ணாச்சி, குடோன்னு சொல்லிட்டு கோயிலுக்கு இட்டாந்துட்ட? ஒரே சாம்பிராணி வாசனையா கீது!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்கள் கடையில் சாம்பிராணி போடுவது வெள்ளிக்கிழமை. விட்டால் செவ்வாய். அன்றைக்குப் புதன்.

"எதை மறைக்கீரு?" என்றேன். துரைப்பாண்டி சிரித்தார். நான் மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசியை எடுத்து, சுவரோரமாக அடுக்கிய அட்டியில் அடி மூட்டையைக் குத்தினேன். பச்சையும் மஞ்சளுமாக ஒரு ரகம், ரோஸ் நிறத்தில் ஒன்று, நீலமாக ஒன்று, எல்லாம் பூசணம் பிடித்த மணிகளாகக் கொட்டின. மழைத்தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது.

"எல்லாத்தையும் சல்லடையில போட்டுத் தட்டி, வெயில்ல காய வச்சாச்சுவே. இது ஒண்ணு ரெண்டு மூட்டைதான் பாக்கி. நல்லதோட கலந்துட்டா வாத்துக்கு என்ன தெரியப்போவுது?"

இங்கேதான் நம்மில் பலர் தப்புக்கணக்குப் போடுகிறோம். தேவகியின் குஞ்சுகள் செத்ததிலிருந்து இந்தப் பூஞ்சைகளைப் பற்றிக் கேட்டும் படித்தும் வைத்திருக்கிறேன். ரோஸ் நிறம் பெரும்பாலும் கதிரிலேயே ஏறிவருவது, நீலம் குடோன் ஈரத்துக்கு வருவது. பச்சை மஞ்சள் இரண்டு இடத்திலும் வரும், அதுதான் ஈரலுக்கு எமன். எல்லாம் வயல் மண்ணில் குடியிருப்பவை, அறுப்போடு மூட்டையேறி நம்மிடம் வருகின்றன. ஒரே கைப்பிடி மண்ணில் நஞ்சு சுரப்பதும் இருக்கும், சுரக்காத சாதுவும் இருக்கும். பார்த்தால் ஒரே முகம். தட்டினால் பூசணம் உதிரும், வெயிலில் செத்தும் போகும். அது விட்டுப்போன நஞ்சு மட்டும் சோளத்திலேயே கிடக்கும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. மாடு கொஞ்சம் தாங்கும், வாத்துக்குஞ்சு தாங்காது.

இதையெல்லாம் சொன்னேன். துரைப்பாண்டி மசியவில்லை. "டாக்டருமாரு அப்படித்தாம்வே பயங்காட்டுவானுவ."

"சரி, உம்ம சோளத்துல ஒரு பை உடைச்சு எடுத்துக்கிட்டு வாரும். வள்ளூர்ல வாத்து வளக்குற தேவகிகிட்ட நீரே சொல்லும்."

வீம்புக்கு ஏறிக்கொண்டார். அங்கிருந்து வள்ளூர் பத்து கிலோமீட்டர் இருக்கும். ஆற்றுப்பாலம் தாண்டி, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே போனால் போதும், வழி தப்பாது. தண்ணீர் நின்ற வயலோரம், பழைய மீன்வலையால் அடைத்த பட்டியில் முந்நூறு மஞ்சள் உருண்டைகள் கத்திக்கொண்டிருந்தன. தேவகி ஓடி வந்தாள். துரைப்பாண்டியின் கையில் பையைப் பார்த்ததும் அவரும் அவளுக்கு அண்ணாச்சி ஆகிவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி! தீனி கொண்டாந்தீங்களா? காத்தாலேர்ந்து நொய்யி போட்டு ஏமாத்திகினு கீறேன்." பையை வாங்கி ஒரு கை அள்ளினாள். அவ்வளவுதான், அத்தனை குஞ்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அவள் காலடிக்கு வந்தன. ஒன்று துரைப்பாண்டியின் செருப்பிலேயே ஏறி நின்றது. தேவகி முகர்ந்து பார்த்தாள். "சாமி வாசனை வருது! போட்டுடட்டா அண்ணாச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் துரைப்பாண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "வேண்டாந்தாயி. போட்டுராத." பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஆட்டோவுல இருக்கு பாரு, அந்த மூட்டையைப் போடு." செருப்பில் நின்ற குஞ்சு இறங்குகிறவரை காலை அசைக்கவில்லை.

திரும்பும்போது பாபு, "இன்னா நைனா, சாமிக்குப் போட்ட சாம்பிராணிய வாத்துக்குப் போட பாத்தியே!" என்று எண்ணூர் வரை ஓட்டிக்கொண்டே வந்தான். துரைப்பாண்டி பையைக் கக்கத்திலிருந்து எடுக்கவே இல்லை. மறுநாள் சோளத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். தட்டிச் சுத்தம் செய்த பளபள மூட்டைகளும் தேறவில்லை. மொத்தத்தையும் தீவனத்திலிருந்து விலக்கினார். நஷ்டம்தான். அதை இப்போதும் என்னிடம் சொல்லிப் புலம்புவார். புலம்பி முடித்ததும் "குஞ்சுங்க நல்லாருக்கா?" என்பார்.

போகிறவர்களுக்கு: ஆட்டோ செலவு வேண்டாமென்றால் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் எண்ணூரிலோ, வள்ளூருக்கென்றால் அத்திப்பட்டிலோ இறங்கி ஷேர் ஆட்டோ பிடியுங்கள். குடோனில் வாசலோரத்து மூட்டையை மட்டும் பார்க்காதீர்கள். சுவரோரம், அடி அட்டி, நடு அட்டி என்று பல இடத்தில் குத்திச் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நஞ்சு ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். கண்ணையும் நாக்கையும் நம்ப வேண்டாம். மூக்கையும் ஓரளவுக்குத்தான்.

போன வாரம் எண்ணூருக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தேன். துரைப்பாண்டி குத்தூசியை அவராகவே என் கையில் கொடுத்தார். மூட்டையெல்லாம் கட்டை போட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கியிருந்தது. புதன்கிழமை. குடோனில் சோள வாசனை மட்டும்தான் இருந்தது.