பூசை நேரத்துத் தண்ணீர்

எங்கள் வயலுக்கு அடுத்த வயல் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. கத்தோலிக்கக் குடும்பம். அவரை நான் அண்ணே என்பேன். அந்த அண்ணனுடைய சந்தோஷம்தான் பல வருஷமாக என் வயிற்றெரிச்சல்.

அவருக்கும் நெல் சாய்ந்தது, உரம் கிடைக்காமல் போனது, மூட்டு வலித்தது. ஆனாலும் வரப்பில் விசிலடித்துக்கொண்டுதான் நடப்பார். நானோ செவ்வாய், வெள்ளி தவறாமல் கோயில், மாதம் இரண்டு பிரதோஷம், வருஷம் ஒரு மொட்டை என்று கடவுளுக்கு ஓயாமல் உழைத்தும், வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி இருப்பேன். ஒருநாள் என் மனைவியே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, நீங்க கும்பிடாத சாமி கிடையாது. அந்தண்ணன் வாரத்துக்கு ஒருக்கத்தான் போறாக. மூஞ்சியப் பாருங்க, எம்புட்டுத் தெளிவு!"

என் மூஞ்சி அப்படி ஆனதற்குச் சமீபத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து அணைத் தண்ணீர் வந்தால் எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். வெள்ளி காலை என் முறை, ஞாயிறு காலை அண்ணன் முறை. ஞாயிற்றுக்கிழமை அவர் மடையைத் திறந்து வைத்துவிட்டு சர்ச்சுக்குப் பூசைக்குப் போய்விடுவார். திரும்பி வர இரண்டு மணி நேரமாகும். ஒரு போகத்தில் கதிர் வரும் சமயம் பார்த்துத் தண்ணீர் குறைந்தது. சர்ச்சில் மணி அடித்தது. நான் அவர் மடையில் நாலு வெட்டு மண்ணைப் போட்டுத் தண்ணீரை என் வயலுக்குத் திருப்பினேன். பூசை முடிவதற்குள் பழையபடி ஆக்கிவிட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. விசேஷ நாள் என்றால் பிரசங்கம் நீளும். அன்று என் வயல் தளும்பும்.

அறுவடை நன்றாக இருந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமியிடம் முறையிடலாம் என்று போனேன். எங்கள் சாமியிடம் நாம் பாவத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சாமியே இறங்கி வந்து மைக்கில் சொல்லிவிடும். சாமியாடி ஆடிக்கொண்டே, "ஏலே, தண்ணியத் திருடின பய இங்கனதான் நிக்கிறான்!" என்றார். காலில் விழக் குனிந்தேன். அதற்குள் எனக்கு முன்னால் ஒன்பது பேர் விழுந்து கிடந்தார்கள். வாய்க்காலுக்கு முறை வைத்துக் கொடுக்கும் பெரிய மனுஷரும் அதில் ஒருவர். சாமியே கொஞ்சம் திகைத்துப்போய், எல்லாருக்கும் சேர்த்துத் திருநீற்றை அள்ளி வீசியது. மொத்தமாகக் கொடுத்த மன்னிப்பு எனக்கு ஒட்டவில்லை.

அப்போதுதான் அண்ணனின் ரகசியம் பிடிபட்ட மாதிரி இருந்தது. அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு. செய்ததை ஃபாதர் காதில் போட்டுவிட்டால் மறுநாள் புது ஆள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானும் போனேன். ஃபாதர் சின்ன வயசுக்காரர்.

"நான் உங்க ஆளு இல்ல ஃபாதர். ஆனா ஒரு பாவம் இருக்கு" என்று ஆரம்பித்து முழுவதையும் கொட்டினேன்.

"பக்கத்து வயக்காரர் பூசைக்கு வந்த நேரத்துலயா?"

"ஆமா ஃபாதர். உங்க பூசைக்குத்தான்."

அவருக்கு இருமல் வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க இருமினார். பிறகு, "எங்கிட்டச் சொல்லிப் பிரயோஜனமில்ல. அவர்கிட்டயே சொல்லிடுங்க. சீக்கிரமாச் சொல்லுங்க" என்றார்.

திங்கட்கிழமை வரப்பில் அண்ணனை நிறுத்திச் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை நீ மடையத் தொறந்து வச்சுட்டுக் கோயிலுக்குப் போறேல்ல? அந்நேரம் உன் தண்ணி எங்கிட்டுப் போச்சுன்னு நினைக்கிற?"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எத்தனை நாளா?"

"ரிட்டயர் ஆனதுலருந்து."

ஆறு வருஷம். நான் ஒரே ஒரு போகம் திருடிவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே!"

"ஃபாதர்கிட்டச் சொல்லிக்கிட்டுத்தானப்பா இருக்கேன். உனக்கு ஏதாச்சும் ஈடு செய்யணும்னு சொன்னாக. அதான் வருசா வருசம் கிறிஸ்மஸ் கேக் கொடுத்து விடுறேன்ல?"

அந்தக் கேக்கை நாங்கள் மத நல்லிணக்கம் என்று நினைத்துத் தின்றுகொண்டிருந்தோம். பதிலுக்குப் பொங்கல் கரும்பு வேறு கொடுத்தோம்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. என் பாவம் தீர்ந்ததால் அல்ல. அவர் பாவம் என்னுடையதைவிடப் பெரிசு என்று தெரிந்ததால். எத்தனை மொட்டை போட்டும் கிடைக்காத நிம்மதி அது. அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அடுத்த போகத்துக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் கோயிலுக்குப் போனால் என் மடைக்கு அவர் காவல், அவர் பூசைக்குப் போனால் நான். முதல் ஞாயிறு நான் காவல் இருந்தேன். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சாமி முன்னால் கண்ணை மூடினால் மடைதான் தெரிந்தது. தீபாராதனைக்குக்கூட நிற்காமல் வண்டியைத் திருப்பினேன். அண்ணன் என் வரப்பில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒழுங்காக என் வயலுக்குத்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, சந்தேகமா?"

"சேச்சே, இல்லண்ணே. வெயிலாருக்கே, பாவம், தனியா உக்காந்திருப்பீகளேன்னு..."

"உக்காரு, உக்காரு" என்று பேப்பரில் பாதியைக் கிழித்து நீட்டினார். "போன ஞாயித்துக்கிழமை நானும் பிரசங்கத்துக்கு நடுவுல வந்து, அந்தத் தென்னைக்குப் பின்னாடி நின்னு உன்னையப் பாத்துட்டுத்தான் போனேன்."