மாடியில் இருந்த வாடகைக்காரி

பான்யா சினிமாவில் தலை அலங்காரம் செய்பவள். மணிலாவில் எடுக்கிற குடும்பப் படத்தில் ஒரு பைத்தியக்காரி வேண்டும் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முடியைச் சீப்பால் தலைகீழாக வாரிச் சிக்காக்கி, சாம்பல் தூவி, முகத்தில் கறுப்பு பூசி ஆளையே மாற்றிவிடுவாள். நாயகி வெளுப்பு, பைத்தியக்காரி கறுப்பு. அதோடு அவள் பேசுவது சாமார் தீவுப் பேச்சு. கொட்டகை சிரிக்க வேறென்ன வேண்டும்? பான்யாவும் சாமார்க்காரிதான். படப்பிடிப்பில் அதைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை.

வீட்டில் அவள் வாரிவிடும் தலை வேறு. தங்கை லூமிங்குக்கு வயசுப் பெண்ணாக இருந்தபோதே காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அம்மா போன பிறகு பான்யா அவளை மணிலாவை ஒட்டிய மலபோனில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்து மாடியறையில் வைத்துக்கொண்டாள். காலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி ரிப்பன் கட்டிவிடுவாள். லூமிங் துணி மடிப்பாள், பூண்டு உரிப்பாள், யாரோடோ மெல்லப் பேசிக்கொள்வாள். அவ்வளவுதான் அவள் பைத்தியம். தெருவாரிடம் பான்யா சொன்ன கதையோ வேறு. மாடியில் இருப்பவள் ராத்திரி வேலைக்குப் போகிற வாடகைக்காரியாம், பகலெல்லாம் தூங்குவாளாம்.

ஊர்த் திருவிழா அன்று மலபோனில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். தெரிந்தவன், தெரியாதவன், யார் நுழைந்தாலும் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். வழிப்போக்கனுக்குக்கூடக் கிடைக்கிற அந்த மேசையில் தானும் உட்கார வேண்டும் என்பது லூமிங்கின் ஆசை. வருஷா வருஷம் கேட்பாள். பான்யா ஒரு தட்டில் நூடுல்ஸும் பன்றி வறுவலும் மேலே கொண்டுபோய் வைத்து, அடுத்த தடவை பார்க்கலாம் என்பாள்.

அந்த வருஷம் திருவிழா மதியம் யாரோ தொலைக்காட்சியைப் போட்டார்கள். பான்யா வேலை செய்த பழைய படம் ஒன்று ஓடியது. பைத்தியக்காரி வந்ததும் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மாடிப் பலகை இடுக்கு வழியாக லூமிங் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் அவள் படியிறங்கி வந்தாள். பின்னலை அவிழ்த்து, முடியைத் தலைகீழாக வாரி, படத்தில் கண்ட மாதிரியே நின்றாள். இப்படி ஒருத்தி வந்தால் எல்லோருக்கும் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறதே, நம்மையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டாள் அந்தப் பேதை.

“அக்கா, இப்ப நான் உக்காரலாமா?”

மீன்கடை பெலாஹியா கைதட்டினாள். “அடியே பான்யா, நடிகையையே கூட்டியாந்து ஒளிச்சு வச்சிருக்கியா?”

இவள் என் தங்கை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

“ஆமா, நம்ம படத்துல நடிச்ச பொண்ணுதான்” என்றாள் பான்யா.

லூமிங்கை நடுவில் உட்காரவைத்துத் தட்டு நிறையப் பரிமாறினார்கள். படத்தில் பைத்தியக்காரி சிரிக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டு என்றார்கள். சிரித்தாள். சாமார்ப் பேச்சில் ஏதாவது பேசு என்றார்கள். பேசினாள். நடுவில் ஒரு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பான்யா தட்டெடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

அடுத்த திருவிழாவுக்குப் பான்யா மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். தங்கைக்குப் புதுச்சட்டை தைத்தாள். தன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டாள். தெருவே வந்தாலும் இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று மாடியேறினாள். லூமிங் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாடி, கீழ வந்து எல்லாரோடயும் சாப்பிடு.”

“யாரா வரணும்க்கா?”

“என் தங்கச்சியா வா.”

லூமிங்கின் முகத்தில் கோபமே இல்லை.

“அந்த வேஷம் எனக்கு வராதுக்கா” என்று சொல்லிவிட்டு, அடுத்த பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.