முப்பத்தைந்தாவது ஸ்டேஜுக்கு அப்புறம்

காயாத ரப்பர் ஷீட்டுக்கு ஒரு வாடை உண்டு. புளித்த மோரில் ஆசிட்டை ஊற்றி, அதில் கோணிச்சாக்கை நனைத்து, மூன்று நாள் மறந்துவிட்டது போல. சென்ற மாதம் மார்த்தாண்டம் பேருந்தில் ஒருவர் ஷீட்டுக் கட்டொன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு, "இருக்கட்டு, கடிக்காது" என்றார். சுற்றி இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ வலது கட்டைவிரல் துடித்தது. நான் டாங்கி சுட்ட விரல் அது.

இரண்டாயிரத்துப் பத்து, மே மாதக் கடைசி. மழை முந்திக்கொண்டு வந்துவிட்டது. முற்றத்தில் காய வேண்டிய ஷீட்டுகளை அப்பா டிவி அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அறைக்குள் வருகிறவர் இரண்டு ஷீட்டுகளைத் திரைச்சீலை மாதிரி விலக்கிக்கொண்டுதான் வரவேண்டும். விலக்கினால், நானும் என் மைனியும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து டிவியில் டாங்கி சுட்டுக்கொண்டிருப்போம். நான் இருபத்தெட்டு வயதுப் பெண். ஒரு தனியார் கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன், கல்யாணமும் ஆகவில்லை. ஊர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் விசாரிக்கும். மைனி என் அண்ணனின் மனைவி. முப்பது வயது, பக்கத்து ஊர்ப் பள்ளியில் நிரந்தரமான கணக்கு டீச்சர். அண்ணன் வளைகுடாவில்.

விளையாட்டுப் பெட்டி அவன் போன லீவுக்குக் கொண்டுவந்தது. தடித்த வேதபுத்தகம் ஒன்று வெள்ளைச் சட்டை போட்டு நிற்பது போல நிற்கும். கையில் ஒரு குச்சியைப் பிடித்து வீசினால் டிவிக்குள் டென்னிஸ் ஆடலாம் என்பது அதன் பெருமை. அண்ணன் வீசிக் காட்டினான், குச்சி டியூப் லைட்டில் போய்ப் பட்டது, அத்தோடு அந்தப் பெருமை முடிந்தது. ஆனால் அவனுடைய அறையில் தங்கியிருந்த மலப்புறத்துக்காரர் ஒருவர் அந்தப் பெட்டியின் பூட்டைத் திறந்து, நகம் அளவு கார்டு ஒன்றில் எங்கள் சின்ன வயசு ஆட்டங்களையெல்லாம் ஏற்றிக் கொடுத்திருந்தார். புதிய பெட்டி எங்கள் பழைய கேசட் பெட்டி போல நடிக்கும். சும்மா நடிப்பு இல்லை. நாலு டாங்கி ஒரே வரிசையில் வந்தால் பழையது எப்படி மினுங்கித் திணறுமோ அப்படியே இதுவும் மினுங்கித் திணறியது. அதற்கு ஓடத் தெரியும், நமக்காக நொண்டியது. கேசட்டை உருவி வாயால் ஊதுகிற வேலை மட்டும் இல்லை. எனக்கு அந்த ஊதல் இல்லாதது, குழம்பில் உப்பு இல்லாதது போல் இருந்தது.

டாங்கி ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே நடுவில், செங்கல் மதிலுக்குள் ஒரு பறவை இருக்கும். கழுகு என்பார்கள், அடைகாக்கும் கோழி போல இருக்கும், எங்கள் வீட்டில் அதற்குக் கோழி என்றே பெயர். மேலிருந்து இருபது எதிரி டாங்கிகள் வரும். கோழியைக் காப்பாற்ற வேண்டும். அப்படி முப்பத்தைந்து ஸ்டேஜ்.

சின்ன வயதில் அண்ணன் என்னிடம் ஒரு சங்கதி சொல்லியிருந்தான். முப்பத்தைந்தையும் அவன் ஒருவனாகவே முடித்துவிட்டானாம். முடித்ததும் ஒரு கோட்டைக் கதவு திறக்குமாம். செத்த டாங்கிகளெல்லாம் உயிரோடு வந்து இரண்டு வரிசையாக நிற்குமாம். நடுவே கோழி எழுந்து, இறக்கையை விரித்து, நடந்து வருமாம். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எந்த ஸ்டேஜ் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாமே, நேராக முப்பத்தைந்துக்குப் போய்ப் பார்ப்போமே என்று கேட்டேன். அப்போதுதான் அவன் அந்த ஒரு வரியைச் சொன்னான். "எடையில இருந்து தொடங்கினா கதவு திறக்காது கேட்டியா. ஒண்ணுல இருந்து வரணும்." அவனுக்கு வயது பதினான்கு. அந்த வயதில் இவ்வளவு கச்சிதமாக ஒரு பொய்யை அடைத்துவைக்க முடிந்தவன் வளைகுடாவுக்குப் போகாமல் வேறு எங்கே போவான்? ஒன்றிலிருந்து தொடங்கி ஒன்பதைத் தாண்டுவதற்குள் கரண்ட் போய்விடும், எல்லாம் அழிந்துவிடும். கதவு திறக்கவே இல்லை, அவன் மாட்டவும் இல்லை.

இந்தக் கதையை அவன் மைனியிடமும் சொல்லியிருந்தான். கூடவே இன்னொன்றும். அங்கே குடும்பத்தோடு இருக்கத் தனியாக இரண்டு அறை வீடு எடுத்தாயிற்று, ஜன்னலைத் திறந்தால் கடல், வேலையை ராஜினாமா செய்துவிட்டு வா. அம்மா அந்த இரண்டு அறைக்காக ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரம் ஏறெடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். போதகர் அதைப் பீடத்தில் நின்று வாசித்தார். சொன்னவன் யாராக இருந்தாலும், அதற்குமேல் அந்த வீட்டில் ஒரு அறையைக் குறைப்பது கஷ்டம்.

மைனி ராஜினாமாக் கடிதம் எழுதி அலமாரியில் வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்குமுன் கொடுக்க வேண்டும். நிரந்தர வேலை; போனால் வராது. அவள் தேதி போடாமல் வைத்திருந்தாள்.

"கதவு திறக்கும்னு நீ நம்புகியாட்டி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அவன் சொன்னது எதையுமே நான் நம்பமாட்டேன்."

"நான் நம்பித்தானே ஆகணும். கெட்டியாச்சில்லா." கொஞ்ச நேரம் ஷீட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். "செரி, ஒண்ணு செய்வம். இத முடிச்சிப் பாப்பம். கதவு தொறந்தா மறுநாளே கடிதத்தக் குடுக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் எழுந்து போய் ஒரு கணக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்துவந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றது.

முதல் நாள் அவள் எங்கள் கோழியையே சுட்டாள்.

"மைனி! நம்ம கோழிய நீங்களே சுட்டாச்சி!"

"அது எதுக்கு நடுவுல வந்து இருக்கு?"

"அது எங்கயும் வரல்ல. அங்கனயேதான் இருக்கும்."

"அப்பம் மொதல்லயே சொல்லாண்டாமா, சவமே?"

நாலாம் நாள் அவள் என்னைத் திட்டத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு ஸ்டேஜின் மதிலையும் நோட்டில் கட்டம் போட்டு வரைந்தாள். எந்த மூலையில் எத்தனையாவது டாங்கி வருகிறது என்று குறித்தாள். நான் எதிரியைத் துரத்திக்கொண்டு மேலே போனால், "ஏட்டி, கீழ வா, வீட்டுல ஆளில்ல" என்று அலறுவாள். ஷீட்டுகளுக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல் வரும். "ரெண்டு பொம்பளையளும் சேந்து என்ன திருவிழா வெடிக்கெட்டா நடத்துகிய? சாயா ஆறுகு."

அவள் ஒரு சட்டமும் போட்டாள். இந்தப் புதிய பெட்டியில் ஆட்டத்தை அப்படியே நிறுத்திச் சேமித்து வைக்கலாம். நாளைக்குத் திறந்தால் குண்டு அதே இடத்தில் அந்தரத்தில் நிற்கும். அதைக் கரண்ட் கட்டுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். அந்த வருஷம் கரண்ட் நேரம் வைத்துப் போகும், ஆகவே இரண்டு நிமிடம் முன்னால் நிறுத்திவிடுவோம். தோற்றால் மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து. "பரிச்சையில தோத்த பிள்ளைய அந்தக் கேள்வியில இருந்து எழுத விடுவமா?" என்றாள்.

நான் விட்டேன். அவள் சாயா எடுக்கப் போகிற சமயம் பார்த்து நிறுத்தி வைப்பேன்; தோற்கிற மாதிரி இருந்தால், "கம்பி லூசா கெடக்கு மைனி" என்று சொல்லிப் பின்பக்கம் ஏதோ ஆட்டிவிட்டு, பழைய இடத்திலிருந்து திறப்பேன். ஏன் செய்தேன்? அண்ணனைப் பிடிக்க வேண்டும் என்று பதினெட்டு வருஷ ஆசை. அதோடு, கதவு திறக்காவிட்டால் இவள் போகமாட்டாள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் என்னிடம் யாரும் மாப்பிள்ளை பற்றியோ வேலை பற்றியோ கேட்காமல் பேசியது அவள் ஒருத்திதான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருக்க, முப்பத்தைந்தாவது ஸ்டேஜின் கடைசி டாங்கியை மைனி சுட்டாள். எண்ணிக்கைத் திரை வந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சாம்பல் நிறத்தில் திரை மூடியது, திறந்தது. முதல் ஸ்டேஜின் மதில். அதே செங்கல், அதே மூலை, அதே கோழி. மேலிருந்து டாங்கி இறங்கத் தொடங்கியது.

"இது முதலாவதுல்லா?" என்றாள்.

அவள் நோட்டைப் புரட்டி, வரைந்த கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அதற்குள் எங்கள் கோழி செத்துவிட்டது.

மறுநாள் வெள்ளி, அண்ணனுக்கு விடுமுறை, வழக்கம் போல் கூப்பிட்டான். அம்மாவும் அப்பாவும் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார்கள். மைனி செல்போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"முப்பத்தஞ்சு கழிஞ்சா என்ன வரும்?"

"எந்த முப்பத்தஞ்சு?"

"டாங்கி கேமு."

அவன் சிரித்தான். "கதவு தொறக்கும். நான்தான் சொன்னேன்லா."

"நாங்க முடிச்சாச்சி. திரும்ப ஒண்ணுதான் வருகு."

அவன் விடவில்லை. "நீங்க எடையில நிறுத்தி நிறுத்தி ஆடியிருப்பிய. அதான் தொறக்கல்ல."

அந்தப் பொய்யனுக்கு அது எப்படித் தெரியும்?

"கரண்டு போகும்போ மட்டுந்தான் நிறுத்தினோம்," என்றாள் மைனி. "செரி, அத விடுங்க. நீங்க எது வரை போனிய?"

"பதினொண்ணு."

"கள்ளம்!" என்று நான் மேசையிலிருந்தே கத்தினேன். "ஏழு!"

"ஏழோ எட்டோ," என்றான்.

மைனி கோபப்படவில்லை. வகுப்பில் அடுத்த பையனை எழுப்புகிற அதே குரலில் கேட்டாள். "வீட்டுக்கு எத்தன ரூமு?"

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்தது. யாரோ ஒரு பெண் மலையாளத்தில் குழந்தையை அதட்டினாள்.

"ஒண்ணு," என்றான்.

"தனியாட்டா?"

"ஹாலை மறிச்சி பலகை அடிச்சிருக்கு. கோட்டயத்துக்காருவ ஒரு குடும்பம் கூட உண்டு. அடுக்களை ரெண்டு பேருக்கும் பொது. நல்ல ஆளுவதான்."

"கடலு?"

"மாடியில ஏறினா தெரியும். லிஃப்ட்டு மாடி வரைக்கும் போகாது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ வரமாட்ட."

"அத நீங்க எனக்கிட்ட கேட்டியளா?"

அத்தனை வருஷம் நான் காத்திருந்த நேரம் இது. அண்ணன் என் கண் முன்னால், காது முன்னால், வசமாக மாட்டிக்கொண்டு நிற்கிறான். நான் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல், உள்ளே இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனை வைத்ததும் மைனி என்னைப் பார்த்தாள். "நீ எத்தன தடவ நிறுத்தின?"

"ஆறு."

"செரியாச் சொல்லு."

"ஒம்போது."

"ஒரே வயித்துல பொறந்ததுவதான்," என்றாள். நோட்டை மூடினாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அரிசி களையப் போய்விட்டாள்.

போகமாட்டாள் என்று நினைத்தேன். மூன்று நாள் அந்த நினைப்பில் சந்தோஷமாகக்கூட இருந்தேன், வெட்கமில்லாமல். பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் கடிதத்தோடுதான் போனாள். ஆனால் அது வேறு கடிதம்; மூன்று மாதம் சம்பளம் இல்லாத விடுப்புக்கு விண்ணப்பம். பழையதைக் கிழித்து அடுப்பில் போட்டிருந்தாள்.

"லீவா?" என்றாள் அம்மா. "ராஜினாமால்லா குடுக்கப் போறேன்னு சொன்ன?"

"போய்ப் பாத்துட்டுக் குடுக்கலாம் மாமி. விசா நேரா ஆகட்டு."

அம்மா போன பிறகு நான் கேட்டேன். "இவ்வளவுக்குப் பெறகும் போறியளா?"

"ஒரு ரூமுன்னா ஒரு ரூமு. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா? அவரு அங்க பலகைக்கு எடையில ஒத்தைக்குக் கெடக்காரு." பெட்டிக்குள் ஒரு புடவையை மடித்து வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "ஆனா வேலைய விடுகது வேற. அத அவரு வாயிலருந்து கேட்டு விடமாட்டேன். நானா பாத்துட்டுத்தான்."

கிளம்பும் நாள்வரை பிறகு நாங்கள் ஆடவில்லை. ஒருநாள் நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். ஒற்றை ஆளாக இரண்டு பக்கமும் ஓட முடியவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்டி பிடித்து எல்லோரும் போனோம். அம்மா ஒரு டப்பா நிறைய கருவாட்டுப் பொடி கொடுத்திருந்தாள். வழியெல்லாம் வண்டிக்குள் அதன் வாடை. வாசலில் பயணச்சீட்டைக் காட்டியவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். அப்பா தள்ளுவண்டியில் பெட்டியை ஏற்றினார். அம்மா மைனியின் தலையில் கைவைத்து ஜெபம் செய்தாள், கண்ணை மூடி, சத்தமாக: ஆண்டவரே, அந்த வீட்டின் இரண்டு அறைகளையும் உம் இரத்தத்தால் மூடிக்கொள்ளும். மைனி கண்ணை மூடவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆமென் சொன்னாள், குனிந்து, தள்ளுவண்டியின் பிடியைப் பற்றினாள். நான் கூடவே தடுப்புக் கம்பி வரை போனேன்.

"அங்க எப்பிடி இருக்குன்னு நெசத்த எனக்கிட்ட சொல்லணும் மைனி."

"உனக்கிட்ட நெசத்தச் சொல்லுவேன்," என்றாள். "மாமி கேட்டா நீ ரெண்டு ரூமுன்னே சொல்லு, என்னா?"