வெட்டாமல் திருப்பிக் கொடுத்த ஆறு ஸ்லிங்

ரோஸ்லின், ஜோசப்,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் கிடந்த சாக்கில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். நான் ஏன் பூசைக்கு வரவில்லை என்றும் கேட்டீர்கள். சேவியர் மாமா ஏன் ஒரு வருடமாக நம் வீட்டுக்கு வருவதில்லை என்று ரோஸ்லின் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

1. ஸ்லிங் என்றால் என்ன

நான் வேலை பார்க்கும் சரக்கு யார்டில் கிரேன் கொக்கியில் சரக்கை மாட்டுவது ஸ்லிங் வைத்துத்தான். கம்பிகளை முறுக்கிய இரும்புக் கயிறு அது. இரண்டு முனையிலும் வளையம் இருக்கும், அதைக் கண் என்போம். கண்ணை இறுக்கிப் பிடிக்கும் அலுமினியப் பூணில் எத்தனை டன் தாங்கும், என்ன நம்பர் என்று பஞ்ச் அடித்திருக்கும். அந்த எடையைப் போல இரண்டு மடங்கு போட்டு மெஷினில் இழுத்துப் பார்த்து, சர்டிபிகேட் வந்த பிறகுதான் ஸ்லிங்கைக் கொக்கியில் ஏற்றலாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆகாது என்று ஒதுக்கிய ஸ்லிங் முழுதாக வெளியே போகக் கூடாது. நடுவில் வெட்ட வேண்டும். வெட்டியதை ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார்டு ஸ்டோரில் அந்த ரெஜிஸ்டர் பதினாறு வருடம் என் கையில் இருந்தது.

2. மழை வாரத்துத் தேதி

சேவியர் மாமாவின் கடை கல்மண்டபம் ஏரியாவில் இருந்தது. யார்டுகளுக்கு ஸ்லிங் செய்து கொடுப்பான். என் தோஸ்து. ரோஸ்லின், உனக்கு ஞானத்தகப்பன்.

ஒருநாள் அவன் கடையிலிருந்து எங்களுக்கு ஆறு ஸ்லிங் வந்தது. சர்டிபிகேட்டில் டெஸ்ட் செய்த தேதியைப் பார்த்தேன். பெருமழை பெய்த வாரம் அது. அந்தத் தேதியில் நானே அவன் கடையில் தொடையளவுத் தண்ணீரில் நின்று, ரோப் சுருள்களைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏரியா முழுக்க கரன்ட் இல்லை. அன்றைக்கு எந்த மெஷின் எதை இழுத்திருக்கும்?

மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்தேன். அறுந்த கம்பிகள் முள்ளு மாதிரி விரலில் குத்தின. பழைய ரோப். ஒதுக்கியதற்கு அடையாளமாக ஆறு ஸ்லிங்கின் பூணிலும் நம்பர் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு அவனுக்கு போன் போட்டேன். ஸ்கூட்டரில் வந்தான்.

"இன்னாடா மச்சான், காலங்காத்தால பேஜாரு பண்ற?"

"இந்தத் தேதியில நாம ரெண்டு பேரும் எங்கடா இருந்தோம்?"

சர்டிபிகேட்டைப் பார்த்துச் சிரித்தான். "தண்ணில." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "டெஸ்டுக்கு அனுப்புனா பத்து நாளு ஆவுது. அதுக்குள்ள பெரிய கம்பெனிக்காரன் சரக்க எறக்கிட்டுப் பூடறான். நா இன்னா பண்ண சொல்ற?"

"ரோப்பு?"

"கப்பல்ல கழிச்சது. தாங்கும்டா. தாங்காதத உனக்குக் குடுப்பனா?"

"இழுத்துப் பாத்தியா?"

வெட்டுவதற்குக் கட்டரை எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். "வெட்டாத மச்சான். முழுசாக் குடு. துணி காயப்போடற கொடிக்காவது வித்துக்கறேன். ரோஸ்லின் மேல சத்தியம், கொக்கிக்கு ஏறாது."

கொடுத்துவிட்டேன். ரெஜிஸ்டரில் 'ஆறும் வெட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜரிடம் மூச்சு விடவில்லை. நம் யார்டும் தப்பித்தது, நண்பனும் தப்பித்தான் என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

3. போனில் வந்த படம்

மூன்று மாதம் கழித்து பாஸ்கர் போனில் ஒரு படம் அனுப்பினான். எங்கள் யார்டில் கிரேன் ஓட்டியவன், எண்ணூர்ப் பக்கம் வேறு யார்டுக்குப் போயிருந்தான். படத்தில் அறுந்த ஸ்லிங் ஒன்று. உடனே கூப்பிட்டேன்.

"பைப் கட்டு வுழுந்துட்ச்சி நைனா. முருகேசன்னு திருவொற்றியூர் பையன். வலது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஸ்லிங்கு உன் தோஸ்து கடை சரக்கா?"

படத்தைப் பெரிதாக்கினேன். பெயின்டைத் துடைத்திருந்தார்கள். ஆனால் பஞ்ச் அடித்த எண்களின் பள்ளத்தில் சிவப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அடித்த சிவப்பு.

"அவன்தான் லோடுக்குக் கீழ நின்னான், அவன் மேலதான் தப்புன்னு எழுதிகினு கீறாங்க நைனா. ஸ்லிங்கப் பத்தி ஒருத்தனும் வாயத் தொறக்கல. அதுக்குத்தான் சர்டிபிகேட்டு கீதே!"

நான் பேசாமல் இருந்தால் முருகேசனுக்குக் கால் போனதோடு பழியும் வரும். பேசினால் சேவியர் கடை போகும். ரெஜிஸ்டரில் நான் எழுதிய பொய்யும் வெளியே வரும்.

கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"கொடிக்குன்னு சொன்னியேடா?"

"அந்த யார்டுக்காரன் அவசரம்னு வந்து கேட்டான். குடுத்துட்டேன்." தலை நிமிரவில்லை. "சொல்லிடப் போறியா?"

"ஆமா."

"சொன்னா நீயும்தான் மாட்டுவ. வெட்டிட்டேன்னு எழுதுனது நீதானே?"

"நான்தான்."

"சோறு எறங்கல மச்சான். ஆனா கடையும் பூட்ச்சின்னா வூட்ல மூணு பேருக்கு நா இன்னா பதில் சொல்லுவேன்?"

எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம சைட்ல ஒண்ணும் ஆகலையே! நீங்க எதுக்குப் போய் தலையக் குடுக்கறீங்க?" என்றார். "நம்ம ரெஜிஸ்டர்ல பொய் இருக்கு சார்" என்றேன். தொழிற்சாலை ஆய்வாளருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கம் என் தப்பு. இரண்டாம் பக்கம் அவன் தப்பு.

4. அதற்கு அப்புறம்

சேவியர் கடைக்குச் சீல் வைத்தார்கள். எனக்கு இரண்டு மாதம் சஸ்பென்ஷன். உங்களிடம் லீவு என்று சொன்னேனே, அது லீவு இல்லை. இப்போது ஸ்டோரில் இல்லை, கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறேன். முருகேசன் மேல் தப்பு என்று எழுதியதை மாற்றினார்கள், கேஸ் நடக்கிறது. அவனைப் பார்க்கப் போனேன். அவன் அம்மா, "நீங்க யாருப்பா?" என்று கேட்டார்கள். சொன்னேன். கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தியது சரிதான்.

அந்த ஆறில் ஒன்று அறுந்தது. நாலு அந்த யார்டிலேயே கிடைத்தன, வெட்டிவிட்டார்கள். ஆறாவதைக் காணவில்லை. இந்த ஒரு வருடமும் எங்கே சரக்கு தொங்கினாலும் அண்ணாந்து பூணில் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தேன்.

நான் கற்றதைச் சொல்கிறேன். என் யார்டுக்கு வேண்டாம் என்று தள்ளிய பொருள் காணாமல் போய்விடாது. இன்னொருத்தன் தலைக்கு மேலே போய்த் தொங்கும். மழை வாரத்துத் தேதியைப் பார்த்த அன்றே சொல்லியிருந்தால் சேவியருக்கு ஆறு ஸ்லிங்கும் கொஞ்சம் மானமும் போயிருக்கும். முருகேசனுக்குக் கால் இருந்திருக்கும். கூட்டாளியைக் காட்டிக் கொடுத்தேன் என்று தெருவில் பேசுகிறார்கள். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. மூன்று மாதம் சொல்லாமல் இருந்தேனே, அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கிடந்த சாக்கின் வாயைக் கட்டியிருந்த முடிச்சு சேவியர் போடுகிற முடிச்சு. உள்ளே ஆறாவது ஸ்லிங். எங்கே தேடிப் பிடித்தானோ, யாரிடம் கெஞ்சி வாங்கினானோ தெரியாது. கதவைத் தட்டாமலே போய்விட்டான்.

நீங்கள் கோயிலுக்குப் போனதும் அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். யார்டு கட்டர் என்றால் ஒரு நிமிட வேலை. என்னிடம் கையால் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடுதான் இருந்தது. நடுவில் ஒரு வெட்டு போதும் என்பது சட்டம். அதை அறுத்து முடிப்பதற்குள் மூன்று பிளேடு உடைந்தது. நாலாவது பிளேடைப் போட்டு இரண்டு கண்ணையும் தனித்தனியாக அறுத்து எடுத்தேன். கண் இல்லாத கயிற்றை எந்தக் கொக்கியிலும் மாட்ட முடியாது.