ஒற்றை வரியில் வரும் பெண்களைத் தேடிய பாக்கியத்தாய் அக்கா

பாக்கியத்தாய் அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ரேஷன் கடை வரிசையில் வந்தது. எனக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். லேபர் கேம்பில் எங்கள் வீட்டு வரிசையிலேயே குடியிருக்கும் செல்லத்தாய் ஓட்டமும் நடையுமாக வந்து என் தோளைத் தொட்டாள். "கிருபக்கா, நம்ம அக்கா போயிட்டாவ. எந்திரிச்சுத் தண்ணி பிடிச்சு வச்சிட்டு, செத்த படுக்கேன்னு படுத்தாவளாம். அப்புறம் எந்திரிக்கல" என்றாள். அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. "வரிசைய விட்டா அரிசி தீந்துருமே" என்றேன். மூளை அப்படித்தான் வேலை செய்தது. செல்லத்தாய் என்னைத் திட்டவில்லை. பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க, நான் நிக்கேன்" என்று என் இடத்தில் நின்றுகொண்டாள்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற உங்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுங்காவிலும் தாராவியிலும் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதக் கதை சொல்வதுதான் பல வருடங்களாக அக்காவின் வேலை. சபையில் சம்பளம் கொடுத்தார்கள். ஜனங்கள் 'பைபிளம்மா' என்று கூப்பிட்டார்கள். அச்சில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை. அவள் எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்ற கர்வத்தைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. அடுத்த வீட்டு அக்கா வந்து, "எனக்குக் கண்ணு கூசுது பிள்ளே, மத்தியானம் கொஞ்சம் வேதம் வாசிச்சுக் குடுக்கியா?" என்று கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் வாசித்தேன். ஒருநாள் என் ரவிக்கையில் கொக்கி தெறித்துவிட்டது. அக்கா ஊசியை எடுத்தாள், நூலை நீட்டினாள், ஒரே தடவையில் கோத்துவிட்டாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "எழுத்து தெரியாதுட்டி" என்றாள், கொக்கியைத் தைத்துக்கொண்டே. அவளை வேலைக்கு வைத்த வெள்ளைக்கார அம்மாவுக்கு அது தெரியுமாம்; அந்த அம்மா யுத்தம் தொடங்கியதும் தன் தேசத்துக்குப் போய்விட்டாள். "இப்போ உனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்கவும் இல்லை.

எழுத்துத் தெரிந்த நாமெல்லாம் வேதத்தில் பெயர்ப் பட்டியல் வந்தால் என்ன செய்கிறோம்? பக்கத்தைத் தள்ளுகிறோம். நானும் தள்ளுவேன். என் குரல் வேகமாவதை வைத்தே அக்கா கண்டுபிடித்துவிடுவாள். "ஏட்டி, முழுங்காத. எல்லாப் பேரையும் வாசி" என்பாள். அப்படி ஒரு பட்டியலுக்கு நடுவில்தான் செலோப்பியாத்தின் ஐந்து பெண்களும் அகப்பட்டார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஆண்பிள்ளை இல்லாமல் செத்துப்போன தகப்பனுக்கு உரிய நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று மோசேயின் முன்னாலும் சபை முழுவதன் முன்னாலும் போய் நின்றவர்கள். அக்கா ஐந்து பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து மனத்தில் ஏற்றிக்கொண்டாள். "அம்புட்டு ஆம்பிளைக்கு முன்னால போயி நின்னிருக்காளுவ பாரேன்! ஒருத்தி நின்னாக் கால் நடுங்கும். அதான் அஞ்சு பேருமா போயிருக்காளுவ" என்றாள். ஏன் இந்த மாதிரிப் பெண்களையே தேடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எஸ்தரு ராசா வீட்டுல இருந்தா. ரூத்துக்குத் தனிப் புத்தகமே இருக்கு. ஒத்த வரியில வந்துட்டுப் போறவளுக்கு யாருட்டி இருக்கா?" என்றாள்.

மத்தியானம் என்னிடம் கேட்டதைச் சாயங்காலம் தாராவியில் சொல்வாள். தோல் மண்டிப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போவேன். அவள் மல்லிகைத் தோட்டத்தில் நடப்பவள்போல் முன்னால் போவாள். ரோதை என்ற வேலைக்காரப் பெண்ணின் கதையை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். சிறையிலிருந்து வெளியே வந்த பேதுரு கதவைத் தட்டுகிறான். குரல் தெரிந்த சந்தோஷத்தில் ரோதை கதவைத் திறக்காமலேயே உள்ளே ஓடிச் சொல்கிறாள். உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். மாட்டுங்காவில் பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்கள் அந்த இடத்தில் சிரித்து மாய்வார்கள். அவர்கள் வாங்காத பட்டமா? சிரிப்பு அடங்கியதும் அக்கா சொல்வாள்: "உள்ள இருந்து செபம் பண்ணுனவுக நம்பல. இவ நம்புனா. பைத்தியம்னு சொன்னாலும், தட்டுனது தட்டுனதுதான்னு நின்னா. விசுவாசம்னா அம்புட்டுதான் பிள்ளைகளா."

இனி நான் எழுத வேண்டியது கஷ்டமானது. யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருடம் புதிய மேற்பார்வை அம்மா ஒருவர் வந்தார். பைபிளம்மாக்களுக்கு வருடாந்தரப் பரீட்சை என்று அறிவித்தார். சொல்லியிருக்கும் அதிகாரத்தை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிக்க வேண்டும், பிறகு கேள்வி. நான்தான் யோசனை சொன்னேன். அந்த அதிகாரத்தை மனப்பாடம் செய்துவிடுவது, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பிப்பது. ஐந்து நாள் பயிற்சி கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பதுகூட அவளுக்குப் பாடமாகிவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்குக் கூடத்தில் அக்கா எழுந்து புத்தகத்தை விரித்தாள். விரலை முதல் வரியில் வைத்தாள். பிறகு மூடிவிட்டாள்.

"எனக்கு எழுத்து தெரியாதும்மா. கதையச் சொல்லச் சொன்னாச் சொல்லுதேன். வாசிக்க மாதிரி நடிக்கதுக்கு மனசு வரல" என்றாள்.

"அப்படியானால் இத்தனை நாளும் உங்களுக்கு வாசித்துக் கொடுத்தது யார்?" என்று மேற்பார்வை அம்மா கேட்டார்.

நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரிஞ்ச பிள்ளைக யாராச்சும் வாசிக்கும்மா" என்றாள். ஒரு நிமிஷம் கூடம் அமைதியாக இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்காகத்தான் இருந்தது. நான் குனிந்து என் வளையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்காவை நிறுத்திவிட்டார்கள். சபையை ஏமாற்றியவள் என்ற பேச்சும் சேர்ந்து வந்தது; நம்மில் சிலர் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த மாதம் அந்த வேலைக்கு வாசிக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். மறுக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே போய்விட்டது. ஏற்றுக்கொண்டேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தபடி போனால், அவள் தன்னுடைய வேதப் பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். "காஞ்சதும் எடுத்துக்கோ. வாரு கொஞ்சம் இத்திருக்கு, தச்சுக்கோ" என்றாள். மறுநாளிலிருந்து மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். மத்தியானம் வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்து எப்போதும்போல எதிரே உட்கார்ந்தாள். எனக்குப் புத்தகத்தைத் தொடக் கை கூசியது. "என்னட்டி, அது என்ன பாவம் செஞ்சுது? எடுத்து வாசி" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும், பரீட்சையன்று வாய் திறக்காததைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிறகு வாசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

கலவரம் வந்த நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செல்லத்தாயின் மகன் முத்து காலையில் வேலைக்குப் போனவன் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. ஊரடங்கைக் காலையில் சில மணி நேரம் தளர்த்தியிருந்தார்கள். அக்கா வந்து கதவைத் தட்டினாள். "செல்லத்தாயக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். வாறியா?" என்றாள். "எக்கா, வழியில என்னமும் ஆனா? பிள்ளை வேற கெடக்கு" என்றேன். "அதுவும் சரிதான். கதவச் சாத்திக்கோ" என்றாள். அதில் ஒரு துளி குத்தல் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கே நடந்ததைச் செல்லத்தாய் சொல்லித்தான் அறிந்தேன். பிணக்கிடங்கு வாசலில் விரட்டினார்கள். அக்கா தெரிந்த நாலு இந்தி வார்த்தைகளை வைத்துக்கொண்டு, "லடுக்கா, இஸ்கா லடுக்கா" (பையன், இவளுடைய பையன்) என்றபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் இருவரும் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் முத்துவின் உடலைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைக் கூட்டத்துக்குச் செல்லத்தாய் வந்தாள். அதுவரை அவள் நம் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. அவள் வீட்டில் மாரியம்மன் படம்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. "ரிஸ்பாள் கதை வாசிங்கக்கா" என்றாள். வாசித்தேன். தூக்கிலிடப்பட்ட பிள்ளைகளின் உடல்களுக்குப் பக்கத்தில், பாறைமேல் ரட்டுச் சாக்கை விரித்து உட்கார்ந்து, மழை பெய்கிறவரை பறவையும் மிருகமும் அண்டவிடாமல் காத்த தாயின் கதை. கடைசியில் ராஜாவே எலும்புகளை எடுத்து அடக்கம் செய்தான். வாசித்து முடித்ததும் செல்லத்தாய், "கூட ஒருத்தி உக்காந்திருந்தாளாமே, அவள விட்டுட்டியளே?" என்றாள். அப்படி யாரும் இல்லை என்றேன். "இருந்தான்னுதான் பாக்கியத்தாயக்கா சொன்னாவ. அவ பேர எழுதாம விட்டுட்டாங்களாம்." எழுதியிருப்பதை நம்மைவிட அட்சரசுத்தமாகத் தெரிந்தவள் அக்கா. அந்த வாசலில் இந்தத் தாய்க்கு என்ன வேண்டுமோ அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து, அதே கூடத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. அதே மேற்பார்வை அம்மா தலைமை. ஒரு சங்கீதம் வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். வாசிக்க முடியவில்லை. "அக்காவுக்கு வாசித்துக் கொடுத்தது நான்தான். பரீட்சை நாளில் மூன்றாவது பெஞ்சில்தான் இருந்தேன். ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான். அக்கா யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான்" என்றேன். வேலை போகும், முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் சொன்னேன். மேற்பார்வை அம்மா தலை குனிந்துகொண்டார். பெண்கள் பக்கத்தில் மட்டும் ஓர் ஆச்சரியமும் இல்லை.

செல்லத்தாய்தான் வாயைத் திறந்தாள். "தெரியும்க்கா. ஒரு தகரத் தட்டிக்கு அந்தப் பக்கந்தான நாங்க எல்லாம் இருந்தோம்? நீங்க வாசிச்சது வரிசைக்கே கேக்குமே. அக்காதான் சத்தியம் வாங்கியிருந்தாவ. அவளா ஒருநாள் சொல்லுவா, அதுவரைக்கும் ஒருத்தியும் கேக்கப்படாதுன்னு."

ஆறு வருடம். மத்தியானந்தோறும் என் எதிரே கால் நீட்டி உட்கார்ந்து, முடிந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போவாளே, அப்போதெல்லாம் ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். "வாறேன்" என்பாள். அவள் எதற்காக நின்றாள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பயந்தவளையும் கைவிடாமல், அவள் ஒருநாள் எழுந்து நிற்பாள் என்று நம்பிக் காத்திருந்தாளே, அந்தக் காத்திருப்பைத்தான் நான் அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இனி யாராவது என் எதிரே வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்தால், நானும் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பேன்.

ஆனாலும் அக்கா, நான் எழுந்து சொன்னபோது நீங்கள் அங்கே இருந்திருக்கலாம்.