ஜலாலுதீன் கழுவிக் கொடுத்த கார்

எங்காவது ஒரு பிரேக் கீச்சிட்டால் ஜலாலுதீன் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார். அழுகிய மீன் வாடை அடித்ததுபோல முகம் சுருங்கும். அந்த வண்டி தெருமுனை தாண்டும்வரை டம்ளரைத் தொடமாட்டார்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் 1994 முதல் அவருடைய பட்டறை இருந்தது. எஞ்சின் வேலை எடுப்பதில்லை, பஞ்சர் ஒட்டுவதில்லை. பிரேக் மட்டும். சத்தத்தை அடக்க, டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பிரேக் பேடில் சோப்புத் தேய்த்து அனுப்பும் மெக்கானிக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் தரையில் துப்பிவிட்டுத்தான் பேசுவார். "சத்தம் போயிடும். பிரேக்கும் போயிடும். வண்டிக்காரன் சந்தோசமா போய் மரத்துல மோதுவான்."

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. வேலை முடிந்த காரை அவரே ஓட்டிப் பார்ப்பார். பிறகு பக்கத்து வாட்டர் சர்வீஸில் கழுவித்தான் கொடுப்பார். அந்த வாட்டர் சர்வீஸ் அவருடைய மனைவியின் தம்பி உசாமாவுடையது. அழுக்குக் காரைத் திருப்பிக் கொடுப்பது எச்சில் தட்டில் சோறு போடுவது மாதிரி என்பார்.

பிரேக் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். 2007 தை மாதம், அவர் சொன்ன ஒரு வார்த்தையில் ஓர் ஓட்டுநரின் வேலை போனது.

ஓட்டுநர் பெயர் சின்னராசு. மதுராந்தகத்தில் நெல் மண்டி வைத்திருக்கும் ராமானுஜத்தின் காரைப் பதினோரு வருடமாக ஓட்டியவர். அந்தக் கார் கீச்சிடுகிறது என்று கொண்டுவந்தார்கள். ஜலாலுதீன் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, கழுவி அனுப்பினார். மறுநாளே சத்தம் திரும்பியது. மறுபடியும் சரிசெய்தார், மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை ராமானுஜமே கூட வந்தார். கழற்றிய பேட் கருகி, கண்ணாடிபோல மின்னியது. ஜலாலுதீன் அதைத் தூக்கிக் காட்டி, கடைத்தெருவே கேட்கச் சொன்னார்: "என் கையை வுட்டுப் போறப்போ சத்தம் இல்ல. உங்க டிரைவர் பிரேக் மேல காலை வெச்சுகினே ஓட்றான்."

"அய்யோ, இல்ல பாய். குழந்தைங்க மேல சத்தியமா இல்ல" என்றார் சின்னராசு.

ராமானுஜம் அங்கேயே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுபவன் என்ற பெயர் ஓர் ஓட்டுநருக்கு வந்துவிட்டால் அப்புறம் யாரும் காரை நம்பிக் கொடுக்கமாட்டார்கள். மதுராந்தகம் கார் ஸ்டாண்டில் சின்னராசுவுக்குக் 'கால்வெச்சான்' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

ஆடிக் கடைசியில் விஷால் வந்தான். அப்பா கல்பாக்கத்தில் அணுமின் நிலைய ஊழியர். மகனுக்குச் சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை. பழையதாக வாங்கிய ஜப்பான் ரேஸ் காரில் வந்து இறங்கினான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையைத் தொடும் உயரம். நாலு சக்கரத்திலும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய பிரேக் டிஸ்க்குகள், அலாய் வீலின் கம்பிகளுக்கு நடுவே பளிச்சென்று தெரிந்தன.

"பாய், ஆபீஸ் கேட்ல பிரேக் புடிச்சா செக்யூரிட்டிலாம் காதைப் பொத்திக்கிறாங்க. 'தகரவண்டி வந்துடுச்சு'ன்னு என் டீமே சிரிக்குது."

ஜலாலுதீன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேடின் கனம் போதுமானதாக இருந்தது. டிஸ்க்கில் நெளிவு இல்லை. பேடைப் பிடித்திருக்கும் பின்கள் உப்புக்காற்றில் இறுகியிருந்தன. சுத்தம் செய்து வழுக்கவிட்டார். பேடின் ஓரங்களைச் சரிவாக ராவினார். பேடின் முதுகுக்குப் புதுத் தகடு வைத்தார். மாமல்லபுரம்வரை ஓட்டிவிட்டு வந்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. உசாமா கழுவினான். விஷால் எடுத்துப் போனான்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. கத்துகிறது என்றான்.

இன்னொரு முறை எல்லாவற்றையும் செய்தார். மறுநாள் இன்னொரு போன்.

"இந்தப் பசங்க ஓட்டுற லட்சணம் அப்புடி. பிரேக்கைப் போட்டு மிதிக்கிறானுங்க" என்று உசாமாவிடம் சொல்லிக் காறித் துப்பினார்.

மூன்றாம் முறை பேடுகளையே மாற்றினார். ஆளில்லாத சாலையில் வேகத்தை அறுபதிலிருந்து பத்துக்கு, நிற்காமல், பத்துப் பன்னிரண்டு தடவை குறைத்து, புதுப் பேடை டிஸ்க்கோடு அமரவைத்தார். அன்றைக்கு நாள் முழுக்க மின்வெட்டு. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கழுவாத காரைக் கொடுக்கும்போது ஜலாலுதீனுக்கு அவமானமாக இருந்தது.

ஒன்பது நாள் போன் வரவில்லை. பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விஷாலே வந்தான்.

"சூப்பர் பாய்! சத்தமே இல்ல. அன்னிக்கு வாஷ் பண்ணாம குடுத்துட்டீங்களே, அதுக்குத்தான் வந்தேன்."

உசாமா கழுவி முடித்தான். விஷால் காரைப் பின்னால் எடுத்து, தெருவோரம் பிரேக்கை அழுத்தினான்.

கீச்!

ஜலாலுதீன் டீயைக் கீழே வைத்தார். விஷாலைக் கீழே இறங்கச் சொல்லி, சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்தார். ஒரு பேடைக் கழற்றித் தகரத்தில் வைத்து அடுப்புத் தீயில் காட்டினார். புகையில் எரிந்த ஆயிலின் நாற்றம்.

"உசாமா, இதுல இன்னாடா அடிச்ச?"

"வழக்கமா அடிக்கிறதுதான் மச்சான். வண்டியில வடிச்ச ஆயிலும் டீசலும். உப்புக் காத்து, அடியில ஆயில் அடிக்காம வுடாதேன்னு நீதானே சொன்ன?"

"அடியிலதானே அடிக்கச் சொன்னேன்? இது வீலுக்கு எப்புடி வந்துச்சு?"

உசாமா சிரித்தான். "அலாய் வீலு வண்டின்னா அதுக்கும் ரெண்டு அடி சேத்து அடிப்பேன். பளபளன்னு கீது இல்ல? பார்ட்டி சந்தோசப்படுவாங்க."

"எல்லா வண்டிக்குமா?"

"இரும்பு வீலுக்கு எதுக்கு மச்சான்? அதுல இன்னா தெரியப் போவுது?"

ஜலாலுதீன் தகரத்திலிருந்த பேடைப் பார்த்தார். கருகி, கண்ணாடிபோல மின்னியது. ராமானுஜம் காரில் மகனின் ஆசைக்காக மாட்டியிருந்ததும் அலாய் வீல்தான். ஓட்டிப் பார்த்தபின் கழுவ அனுப்பியதும் அவர்தான். கழுவியபின் ஒரு நாளும் ஓட்டிப் பார்த்ததில்லை.

சோப்புத் தேய்ப்பவர்களைத் திட்டிய அதே வாயில் எச்சில் கசந்தது. பட்டறைக்குப் பின்னால் போய் இரண்டு முறை துப்பினார். கசப்பு போகவில்லை.

"தம்பி, தப்பு என் பட்டறையிலதான். சத்தம் வந்ததே நல்லதாப் போச்சு. இந்த ஆயிலோட நீ வேகமா போயிருந்தா..." என்றார். டிஸ்க்குகளைப் பெட்ரோலில் கழுவி, மறுபடி புதுப் பேடு போட்டு, கைக்கறையைக்கூடக் கழுவாமல் கொடுத்தார். ஆயில் அடிக்கும் துப்பாக்கியை உசாமா கையிலிருந்து வாங்கிச் சாக்கடையில் எறிந்தார்.

மறுநாள் பட்டறையைத் திறக்கவில்லை. பஸ் பிடித்து அச்சரப்பாக்கம் போனார். சின்னராசு அங்கே வைக்கோல் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் லோடு கட்டிக்கொண்டிருந்தவரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சின்னராசு கயிற்றை இறுக்குவதை நிறுத்தவில்லை.

"என்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப் போவுது பாய்? என் கால் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவன்கிட்ட போய் சொல்லு."

"அதுக்குத்தான் உன்னைக் கூப்புட வந்தேன்."

"அப்போ ஏறு."

மதுராந்தகம் கார் ஸ்டாண்டில் ஏழெட்டு ஓட்டுநர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். டெம்போவைப் பார்த்ததும் ஒருவன், "டேய், கால்வெச்சான் வர்றான்டா!" என்றான். ஜலாலுதீன் இறங்கி அவன் முன்னால் போய் நின்றார். கடைத்தெருவில் பேசிய அதே குரலில் சொன்னார்.

"இவன் கால் வெக்கல. பிரேக்ல எண்ணெய் அடிச்சு அனுப்புனது என் பட்டறை. பழியை இவன் தலையில போட்டது நானு. இனிமே அந்தப் பேரைச் சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க."

ஸ்டாண்டின் மூத்த ஓட்டுநர் சம்பத் கேட்டார்: "ஏன் பாய், பதிமூணு வருசமா கழுவிக் கழுவிக் குடுத்தியே, இவனை மாதிரி இன்னும் எத்தினி பேரைச் சொன்ன?"

ஜலாலுதீன் யோசித்துப் பார்த்தார். முகங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை.

நேராக மண்டிக்குப் போய் அதையே ராமானுஜத்திடமும் சொன்னார். "பழசு, வுடுங்க பாய். வேற ஆள் போட்டுட்டேன்" என்று அவர் கணக்குப்பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் சின்னராசு டெம்போவிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுடுறேன், ஏறு. சம்பத் அண்ணன் ஞாயித்துக்கெழம ஒரு கல்யாண வண்டிக்கு வரச் சொல்லிக் கீறாரு. காரு, டெம்போ இல்ல."

ஏரிக்கரைத் திருப்பத்தில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. சின்னராசு பிரேக் போட்டார். டெம்போ நீளமாகக் கீச்சிட்டது. ஜலாலுதீனின் கண் தன்னையறியாமல் கீழே போனது.

"இன்னா பாய், என் கால் எங்க கீதுன்னு பாக்குறியா?"

ஜலாலுதீன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை திருப்பவில்லை.