குதிக்கத் தெரியாத பேய்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தீபா என்னைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டாள். ஒரு முறை இல்லை… மூன்று முறை. மூன்றாவது முறை சிரித்துக்கொண்டே சுட்டாள்.

பயப்படாதீர்கள் பிள்ளைகளே, உயிரோடுதான் இருக்கிறேன். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தை யார் எழுதுவது? சுட்டது கம்ப்யூட்டர் விளையாட்டில்.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. நடத்துகிறவர் முரளி என்ற இளைஞர். மற்ற நாளெல்லாம் பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் வேலைக்கு விண்ணப்பம் போடவும் கூட்டம் இருக்கும். ஞாயிறு மட்டும் நாலு கம்ப்யூட்டரை ஒயர் போட்டு இணைத்து, பிள்ளைகளுக்கு கேம் ஆட விடுவார்.

என்ன கேம்? நாலு பேர் சேர்ந்து ஆடுகிற பேய் விளையாட்டு. பாழடைந்த பெரிய ஆஸ்பத்திரி. கரண்ட் கிடையாது. ஆளுக்கொரு டார்ச், ஆளுக்கொரு துப்பாக்கி. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட வேண்டும். நடுவில் பேய்கள்.

இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. நாலு பேரும் வந்து நின்றால்தான் கடைசிக் கதவு திறக்கும். மூன்று பேர் வந்து முட்டிக்கொண்டாலும் திறக்காது! பேய் அடித்து ஒருவர் விழுந்தால் மற்றவர் ஓடிவந்து தூக்கிவிடலாம். ஆனால் நம் ஆளே நம்மைச் சுட்டுவிட்டால் எழுந்திருக்க முடியாது. ஆட்டம் காலி. மறுபடி முதலிலிருந்து.

தீபா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள், ஷமீம், மெர்சி, ஹேமா — நாலு பேரும் ஒரே வகுப்பு, ஒரே டவுன் பஸ். ஆறு மாதமாகச் சேர்ந்தே ஆடுகிறார்கள். எந்தப் பேய் எந்த மூலையில் நிற்கும், எத்தனை குண்டுக்கு விழும் என்பதெல்லாம் அத்துப்படி. பேய்களுக்கே இவர்களைப் பார்த்து அலுத்துப் போயிருக்கும்.

அதற்குத்தான் வந்தது அப்டேட்.

அப்டேட் என்றால் பழைய விளையாட்டில் புதிதாகச் சிலதைச் சேர்ப்பது. மூன்று வாரத்துக்கு முன் முரளி சென்னைக்குப் போய் சிடியில் வாங்கி வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஏற்றினார். நாலு கம்ப்யூட்டரிலும் ஒரே அப்டேட் இருந்தால்தான் சேர்ந்து ஆட முடியுமாம். இது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஏனென்றால், என் வேலை தறிக்கு அட்டை குத்துவது. பட்டுப்புடவை பார்டரில் மயில் வர வேண்டுமென்றால், அதற்கு அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுக்கிறவன் நான். இரண்டு பக்க பார்டருக்கும் ஒரே மாதிரி ஓட்டை விழாவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கத்து மயில் நடக்கும், இன்னொரு பக்கத்து மயில் நொண்டும்.

புதிதாக வந்த பேய்கள் இரண்டு. ஒன்று, கூரையில் தலைகீழாகத் தொங்கி நீளக் கையால் பிடிக்கும். பிள்ளைகள் அதற்கு 'வௌவால் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்த சாரை நினைத்து வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவதுதான் வில்லங்கம். அதற்குத் தனி முகமே கிடையாது. நாலு பேரில் ஒருவரைப் போலவே மாறிவிடும். அதே சட்டை, அதே டார்ச், தலைக்கு மேலே அதே பெயர். நாலு பேர் போன இடத்தில் திடீரென்று ஐந்து பேர் நிற்பார்கள். பிள்ளைகள் வைத்த பெயர் 'டூப்பு'.

போன ஞாயிறு காலை தீபா என்னிடம் வந்தாள்.

"அப்பா, ஒரு ஆளு குறையுதுப்பா. நீ வர்றியா?"

"ஏன், ஹேமா எங்க?"

"அவளுக்கு டியூஷன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன டியூஷன்? கேட்டேன். அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறேன், அதில் ஆடியதில்லை. முரளி எனக்கு ஐந்து நிமிடம் பாடம் நடத்தினார். இந்த பட்டன் நடக்க, இது சுட, நீளமான பட்டன் குதிக்க, மேலே இருப்பது டார்ச். தலையை ஆட்டினேன். எல்லாம் மறந்துவிட்டது.

பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மூன்று பெண்கள். ஆட்டம் ஆரம்பித்தது.

"அப்பா, எங்க இருக்கே?"

"இங்கதாம்மா."

"இங்கதான்னா எங்க?"

"இருட்டுல."

ஷமீம் சிரிக்கிற சத்தம் கேட்டது. தட்டுத் தடுமாறி நடு ஹாலுக்கு வந்து சேர்ந்தேன். பெரிய ஹால். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜெனரேட்டர். போக வேண்டிய கதவு வலது கைப்பக்கம், பத்தடியில் இருக்கிறது. பெண்கள் மூன்று பேரும் விறுவிறுவென்று அப்படிப் போய்விட்டார்கள். நான் இடது பக்கம் திரும்பி, சுற்றிக்கொண்டு போனேன்.

"அப்பா! வழி இந்தாண்ட இருக்குது, நீ எங்க சுத்திக்கினு போறே?"

"அங்கிள், அது சாமி இல்ல… ஜெனரேட்டரு! அத எதுக்கு வலம் வர்றீங்க?" — இது ஷமீம்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நடுவில் ஒன்று இருந்தால் அதை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றித்தான் என் கால் போகும். இந்தக் கோயில் ஊரில் பிறந்து வளர்ந்தவன் கால் அது. அதில் கம்ப்யூட்டர் கால் என்று தனியாக வருமா?

திடீரென்று மெர்சி கத்தினாள். "ரெண்டு அங்கிள்! ரெண்டு அங்கிள் இருக்குது!"

டூப்பு என்னைப் போலவே வந்துவிட்டது.

இதற்கு அவர்களிடம் ஒரு பரீட்சை இருந்தது. 'குதி' என்று சொல்வார்கள். குதிக்கிற ஆள் நிஜம். நிற்கிறது டூப்பு. டூப்புக்குக் குதிக்கத் தெரியாதாம்.

"அப்பா, குதி!"

பரபரப்பில் எதையோ அமுக்கினேன். டார்ச் அணைந்துவிட்டது.

"டார்ச்சு ஆஃப் பண்ணுது பாருடி, இதான் பேய்!"

டுமீல். தீபாதான் சுட்டாள்.

இரண்டாவது ஆட்டத்திலும் அதேதான். மூன்றாவது ஆட்டத்தில் நீளமான பட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தீபா சுட்டுவிட்டாள். "நீ நிஜமாவே பேய் மாதிரிதாம்ப்பா ஆடறே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டுமே… ஒரு நொடி சுருக்கென்றது. நாற்பது வயது ஆளுக்கே.

மெர்சி தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து ஆறுதல் சொன்னாள். "ஃபீல் பண்ணாதீங்க அங்கிள். போன வாரம் ஹேமாவையும் இப்டித்தான் சுட்டா. இதே டயலாக்தான் சொன்னா. அதோட அவ எங்ககூட பேசறதே இல்ல. பஸ்ல கூட முன்னாடி போயி தனியா குந்திக்கிறா."

"நீ வாய மூடுறியா?" என்றாள் தீபா. சிரிப்பு நின்றுவிட்டது.

டியூஷனின் கதை இதுதானா! எனக்குள் ஒரு நீளமான அறிவுரை எழுந்து வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பாள். "இன்னொரு ஆட்டம் போடலாம்மா" என்றேன்.

நாலாவது ஆட்டம். மறுபடி நடு ஹால். மறுபடி இரண்டு நான்.

"குதிப்பா!"

இரண்டு பேரும் நிற்கிறோம். ஷமீம் துப்பாக்கியைத் தூக்கிவிட்டாள்.

"சுடாதடி, இரு!" என்றாள் தீபா. "அப்பா, நீ குதிக்க வேணாம். சும்மா கதவுக்கு நட."

நடந்தோம். ஒரு 'நான்' வலது பக்கம் திரும்பி நேராகக் கதவுக்குப் போனது. இன்னொரு 'நான்' இடது பக்கம் திரும்பி, ஜெனரேட்டரைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக…

"சுத்திக்கினு வருது பாரு, இதாண்டி எங்கப்பா!"

நேராகப் போனதை மூன்று பேரும் சேர்ந்து சுட்டார்கள். அது பேயாக மாறி அலறி விழுந்தது. நாங்கள் நாலு பேரும் கடைசிக் கதவில் போய் நின்றோம். கதவு திறந்தது. ஷமீமும் மெர்சியும் போட்ட கூச்சலில் முரளி ஓடி வந்துவிட்டார்.

தீபா மட்டும் கத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள். "அப்பா… ஹேமா ஒவ்வொரு கதவுகிட்டயும் நிப்பாப்பா. எல்லாரும் போன அப்புறம்தான் அவ வருவா. பஸ்ல கூட அப்டித்தான், எல்லாரையும் ஏத்திவுட்டு கடைசியா ஏறுவா."

"சரி?"

"அன்னிக்கும் கதவுகிட்டதான் நின்னுக்கினு இருந்தா. ரெண்டு ஹேமா தெரிஞ்சுது. குதின்னேன், உடனே குதிக்கல. சுட்டுட்டேன்."

பார்த்தீர்களா? குதித்தால் நம்ம ஆள், குதிக்காவிட்டால் பேய். நம்மைப் போல வேகமாக இருக்கிறாளா என்று சோதித்தார்களே தவிர, அவள் அவளைப் போலவே நிற்கிறாளா என்று யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகள்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். கணக்கு வராதவனை மக்கு என்பதும், பேசாதவளைத் திமிர் என்பதும் வேறென்ன? பெரியவர்கள் நாங்கள் வாரத்தில் ஏழு நாளும் இதைத்தான் செய்கிறோம்… துப்பாக்கி இல்லாமல்.

"இப்ப இன்னா பண்ணலாம்?" என்றேன்.

"அவ வீட்டுக்குப் போறேன். நீயும் வா. ஆனா நீ பேசக்கூடாது."

ஹேமா வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலில் உட்கார்ந்து மறுநாள் பி.டி. பீரியடுக்கு வெள்ளை ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடி ஷூவைப் பார்த்தாள்.

"ஹேமா, உன்னைச் சுட்டது தப்புதாண்டி."

"சுட்டது தப்பில்ல." பிரஷ் நிற்கவில்லை. "கேமுன்னா சுடத்தான் செய்வாங்க. எல்லாரு எதிர்லயும் சிரிச்சே பாரு… பேய் மாதிரி ஆடறேன்னே பாரு… அதுக்குத்தான்."

தீபா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள். "நீ கதவுகிட்ட நிப்பேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே நான் பாக்கல. இனிமே சிரிக்க மாட்டேன்டி."

ஹேமா அடுத்த ஷூவை எடுத்துத் தேய்த்தாள்.

"எங்கப்பாவையும் சுட்டுட்டேன்" என்றாள் தீபா.

பிரஷ் நின்றது. "அங்கிளையா?"

பேசக்கூடாது என்பது உத்தரவு. ஆனால் கேள்வி என்னைப் பார்த்து வந்துவிட்டதே! "மூணு தபாம்மா. மூணாவது தபா சிரிச்சிக்கினே சுட்டா."

"பொய் சொல்லாதீங்க அங்கிள்."

"வேணும்னா முரளிய கேளு."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"ஜெனரேட்டர வலம் வந்தேன்."

உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. ஷூவை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூக்கெல்லாம் வெள்ளை பாலிஷ். தீபா சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"வர்றேன்" என்றாள் ஹேமா. "ஆனா ஒரு கண்டிஷன். நான் உன்னை ஒரு தபா சுடுவேன். நீ ஓடக்கூடாது."

"சரி."

"குதிக்கவும் கூடாது."

"சரிடீ!"

மத்தியானம் நாலு பேரும் சென்டரில் ஆஜர். நானும் போனேன். ஆட்டம் தொடங்கி, ஒரு பேய்கூட இன்னும் வரவில்லை. ஹேமா திரும்பினாள், நிதானமாகக் குறி பார்த்தாள், தீபாவைச் சுட்டாள். ஷமீமும் மெர்சியும் கை தட்டினார்கள். தீபா எழுந்து நின்று சலாம் வைத்தாள்.

அப்புறம் நிஜமான ஆட்டம். முதல் கதவிலேயே ரகளை.

"நீ போடி முதல்ல."

"இல்ல, நீ போ. நான்தான் கடைசியா வருவேன்."

"இன்னிக்கு நான் நிக்கறேன், நீ போ!"

இரண்டு பேரும் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து வௌவால் சார் கை நீட்டி இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். தோல்வி. யாருக்கும் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. "உன்னாலதான்", "உன்னாலதான்" என்று கத்திக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குத் தயாரானார்கள்.

நான் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தேன். "வேணும்னா நான் ஒரு ஆட்டம்…"

தீபா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ வீட்டுக்குப் போப்பா. நாங்க நாலு பேர் இருக்கோம்."

காலையில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று முறை செத்து, மத்தியானமே வேலையும் போய், இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு நடந்த ஆள் செவிலிமேட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!